காதில் செருகிய பென்சில்

ஊரில் இருக்கிற தராசுகளையெல்லாம் "நீ யோக்கியனா?" என்று கேட்டுக்கொண்டு திரிவதுதான் அவருடைய உத்தியோகம். தோல்பையில் பித்தளை எடைக்கற்களை அடுக்கிக்கொண்டு கடைகடையாக ஏறி இறங்குவார். தட்டில் கல்லை வைப்பார், முள்ளைப் பார்ப்பார், ஒன்றும் பேசாமல் உதட்டைப் பிதுக்குவார். அந்தப் பிதுக்கலுக்கே கடைக்காரருக்கு வியர்த்துவிடும். எல்லாம் சரியாக இருந்தால் ஈயக் குண்டில் முத்திரை குத்தித் தொங்கவிட்டுவிட்டுக் கிளம்புவார். போகிற இடத்தில் ஒரு டீ கூடக் குடிக்க மாட்டார். இதனால் அவருக்கு எடையளவுத் துறைக்குள் நல்ல பெயரும் கெட்ட பெயரும் ஒன்றாகவே வளர்ந்தன. முகத்துக்கு நேரே "சார்", முதுகுக்குப் பின்னால் "தராசு". நாமும் முதுகுக்குப் பின்னால்தானே பேசுகிறோம். தராசு என்றே வைத்துக்கொள்வோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தராசுக்கு வேறு உத்தியோகம். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள பேக்கரியில், மாவு மூட்டைகளை ஒட்டிய கடைசி மேசையில் உட்கார்ந்து, செய்தித்தாளின் இணைப்பிதழில் வரும் குறுக்கெழுத்துப் புதிரைப் போடுவது. குறுக்கெழுத்து என்றதும், "வீட்டு விலங்கு, பால் தரும்" என்று கேட்கும் சாதுவான ரகம் என்று நினைத்துவிட வேண்டாம். இது கடிக்கிற ரகம். "கப்பலுக்குள் வர, வெடித்தது ரகளை" என்று ஒரு குறிப்பு இருக்கும். படித்தவுடன் துறைமுகத்துக்கு ஓடத் தோன்றும். ஓடக் கூடாது. கப்பலுக்குக் கலம் என்று ஒரு பெயர் உண்டு. அந்தக் கலத்தின் வயிற்றுக்குள் "வர" என்பதைத் திணித்தால் "கலவரம்". ரகளையும் அதுதானே! இப்படி ஒன்று விழுந்துவிட்டால், வெகுநேரம் மூக்கில் நின்று போக்குக் காட்டிய தும்மல் வெளியே வந்த மாதிரி ஒரு சுகம். அந்தச் சுகத்துக்காக வாரம் முழுக்க ஏங்குகிற மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்களை வெளியே பார்த்தால் நம் மாதிரியேதான் இருப்பார்கள்.

மேசைக்கு மூன்று பேர். தராசு ஒருவர். நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளராக இருக்கும் ஸ்டெனோ ஒருத்தி. வக்கீல்கள் வாயில் வருவதையெல்லாம் கோடும் புள்ளியுமாக ஆக்கிப் பழகியவள். மூன்றாமவர் மருந்துக்கடைக்காரர். அவர் கடையின் சின்னத் தராசுக்கு முத்திரை குத்தப் போன இடத்தில், கல்லாவுக்கு அடியில் பாதி நிரம்பிய கட்டத்தைப் பார்த்துத்தான் தராசுக்கு அவரோடு சிநேகம் உண்டானது. வயதில் மூத்தவர். ஆனாலும் தராசைக் "குருவே" என்றுதான் கூப்பிடுவார். ஆரம்பத்தில் கிண்டல்; போகப்போக அதில் கிண்டல் குறைந்துவிட்டது.

அந்த மேசைக்கு ஒரு சட்டம் இருந்தது. விடையை வாய்விட்டுச் சொல்லக் கூடாது, அடுத்தவர் தாளை எட்டிப் பார்க்கக் கூடாது. முடித்தவர் பென்சிலைத் தச்சர் மாதிரி காதில் செருகி, தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஸ்டெனோவுக்குக் கைப்பை. சரியா தப்பா என்பது அடுத்த வாரத் தாளில் விடை வரும்போது அவரவர் வீட்டில் அவரவர் மனசாட்சியோடு பார்த்துக்கொள்கிற சங்கதி. யாருடைய மகிழ்ச்சியையும் யாரும் கெடுக்கக் கூடாது என்று நல்ல எண்ணத்தில் போட்ட சட்டம். நல்ல எண்ணத்தில் போடுகிற சட்டங்களில்தான் ஓட்டை பெரிதாக இருக்கும்.

முதலில் புதிர் போட்டவர் "சுண்டெலி" என்ற பெயரில் எழுதினார். தராசுக்குச் சுண்டெலியின் குறும்பெல்லாம் அத்துப்படி. டீ ஆறுவதற்குள் பென்சில் காதுக்குப் போய்விடும். பிறகு சுண்டெலி ஓய்வு பெற்று "முள்ளெலி" வந்தார். முள்ளெலி வேறு மாதிரி ஆள். எங்கே தொட்டாலும் குத்தியது. தராசு முள்ளைப் பார்த்தே பிழைப்பவர்தான். இந்த முள் மட்டும் பிடிபடவில்லை.

அப்புறம் ஒரு ஞாயிறு, டீ கொட்டிவிட்டது. தாள் நனையாமல் தூக்க வேண்டும், துணி எடுத்துத் துடைக்க வேண்டும், இருப்பதோ இரண்டு கை. சட்டென்று பென்சிலைக் காதில் செருகினார்.

"அதுக்குள்ளயா!" என்றாள் ஸ்டெனோ.

"குருன்னா சும்மாவா?" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"இல்லம்மா, டீ" என்று சொல்ல வாயெடுத்தார். ஆனால் அந்த இரண்டு முகங்களிலும் ஒரு வெளிச்சம். அதை அணைக்க மனம் வரவில்லை. ஒன்றும் சொல்லாமல் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். நான் பொய் சொல்லவில்லை, மறுக்கவில்லை, அவ்வளவுதான் என்று தனக்குத்தானே முத்திரை குத்திக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு டீ கொட்டவில்லை. பென்சில் மட்டும் போனது.

அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. பாதிக் கட்டம் காலியாக இருக்கும்போதே பென்சில் காதேறும். வீட்டுக்கு வந்து, அந்த வாரத் தாளில் வந்திருக்கும் போன வார விடைகளை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுக்கொள்வார். நாளைக்கு யாராவது ஏதாவது கேட்டால் சொல்லத் தெரிய வேண்டுமே!

"உள்ள என்னங்க நடக்குது, பரீட்சையா?" என்று மனைவி கதவைத் தட்டுவாள். "தண்ணி விழற சத்தத்தையே காணோம்."

"வயிறு சரியில்ல."

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை மட்டும் சரியில்லாம போற வயித்த இன்னிக்குத்தான் பாக்கறேன். அந்த பேக்கரிக்குப் போறத நிறுத்துங்க, தன்னால சரியாயிடும்."

அவள் சொன்னது எவ்வளவு சரி என்பது அவளுக்குத் தெரியாது.

இதற்கிடையில் மருந்துக்கடைக்காரருக்குத் தலைக்குப் போகிற ரத்தக்குழாயில் ஒரு சின்ன அடைப்பு வந்து போனது. மருத்துவமனையில் படுத்து எழுந்தார். இடது கை கொஞ்சம் மக்கர் செய்தது. பேச்சும் நடையும் திரும்பிவிட்டன. "ஸ்கேன் படத்துல எல்லாம் நல்லா இருக்கு, கடைக்குப் போங்க" என்று டாக்டர் அனுப்பிவிட்டார். இவருக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. மருந்துக்கடை மனிதருக்குத் தலைதானே முதல். டாக்டரின் கோழிக் கிறுக்கலைப் படித்து, ஒரே மாதிரிப் பெயருள்ள இரண்டு மாத்திரைகளில் சரியானதை எடுத்துக் கொடுக்க வேண்டும்.

"டாக்டர் ஆயிரம் சொல்லட்டும் குருவே," என்றார் திரும்பி வந்த முதல் ஞாயிறு. "எனக்கு முள்ளெலிதான் டாக்டர். வாரா வாரம் கட்டம் நிரம்புதா, மண்டை ஓடுதுன்னு அர்த்தம். நிரம்பலைன்னா ஷட்டரை இறக்கிடுவேன். ஒரு மாத்திரை மாறினா ஒரு உயிரு."

கட்டம் நிரம்பியது. தராசு பென்சிலைச் செருகி வெகுநேரம் கழித்துத்தான், ஆனால் நிரம்பியது. மருந்துக்கடைக்காரர் பென்சிலைக் காதில் செருகும்போது முகம் பளிச்சென்று இருக்கும். தராசு அப்போதெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பேருந்துகளைப் பார்ப்பார்.

வந்தது அந்த ஞாயிறு.

அந்தச் செய்தித்தாள்காரர்கள் சிக்கனமானவர்கள். கட்டத்தின் வடிவத்தை மாற்றவே மாட்டார்கள். எங்கே கறுப்பு, எங்கே வெள்ளை என்பது வருடக்கணக்கில் ஒன்றுதான். குறிப்புகள்தான் வாரா வாரம் மாறும். அன்றைக்கும் அதே கட்டம்தான். ஆனால் மருந்துக்கடைக்காரர் எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தார். இடமிருந்து வலம் போட்டது சரியாகத்தான் தோன்றியது. மேலிருந்து கீழ் போட்டதும் சரியாகத்தான் தோன்றியது. இரண்டும் சந்திக்கிற இடத்தில் மட்டும் எழுத்துகள் மோதிக்கொண்டன. ஒன்று இரண்டு அல்ல, எல்லா இடத்திலும். அழித்து அழித்துத் தாள் கிழிந்தது.

தராசு அவ்வளவு தூரமே போகவில்லை. ஏதோ நாலைந்து சொல் விழுந்தது. மனசுக்குள்ளேயே முள்ளெலியின் முகத்தில் ஒரு குத்து விட்டார். வழக்கமான நேரம் வந்ததும் பென்சிலைக் காதில் செருகினார்.

ஸ்டெனோ பேப்பரை மூடி வைத்தாள். "எனக்கு இந்த வாரம் ஓடல. நேத்து பூரா ஒரே வழக்கு. தலை கிறுகிறுங்குது."

மருந்துக்கடைக்காரர் நிமிர்ந்தார். "குருவே, மறைக்காம சொல்லுங்க. இந்த வாரம் கஷ்டமா?"

அந்தக் கேள்விக்குப் பதிலாக எதைச் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை. "கஷ்டம்தான்" என்றிருக்கலாம். "எனக்கே வரவில்லை" என்றிருக்கலாம். இருமியிருக்கலாம். ஆனால் குருப் பதவி வாயைத் திறந்து தானே பேசிவிட்டது.

"அப்படி ஒண்ணும் இல்லண்ணே. கொஞ்சம் நிதானமா பாத்தா வந்துடும்."

"வந்துடுமா," என்றார் அவர். கேள்வியாக அல்ல. கிழிந்த தாளைச் சுருட்டிக்கொண்டு, டீயைத் தொடாமலே எழுந்து போனார்.

வாரத்தின் நடுவில் தராசு காய்கறிச் சந்தைக்குச் சோதனைக்குப் போனார். ஒரு தக்காளிக்காரனின் தட்டுக்கு அடியில் காந்தத் துண்டு ஒன்று ஒட்டியிருந்தது.

"இதென்னய்யா?"

"சத்தியமா நான் வைக்கல சார். தெரியாம ஒட்டிக்கிச்சு."

"தெரியாம ஒட்டினா தெரிஞ்சதும் எடுக்க வேண்டியதுதானே?"

தக்காளிக்காரன் தலையைச் சொறிந்தான். "எடுக்கலாம்னுதான் சார் நெனச்சேன். ஒட்டினதுலேருந்து யாவாரம் நல்லா போச்சு. அப்புறம் மனசு வரல."

தராசு அவனைப் பிடி பிடியென்று பிடித்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, காந்தத்தைப் பறிமுதல் செய்து பையில் போட்டுக்கொண்டு, விதிப்படி எழுத வேண்டியதை எழுதிவிட்டு, அவன் கண்ணைப் பார்க்காமல் நடந்தார். அன்று பூராவும் காது ஏனோ அரித்தது.

அடுத்த ஞாயிறு மருந்துக்கடைக்காரர் வரவில்லை. ஸ்டெனோ மட்டும் உட்கார்ந்திருந்தாள். முன்னால் இணைப்பிதழ் விரித்தபடி இருந்தது.

"அண்ணன் எங்க?" என்றார் தராசு.

"கடைய விக்கறார்." அவள் குரல் நீதிமன்றத்தில் படித்துக் காட்டுகிற மாதிரி சமமாக இருந்தது. "மருந்து எடுத்துக் குடுக்கறதே இல்லையாம். பொண்ண கவுண்டர்ல நிறுத்திட்டு மூலையில உக்காந்திருக்கார். இன்னிக்கு சாயங்காலம் வாங்கறவங்க வர்றாங்களாம். பேப்பரையும் நிறுத்திட்டார். நேத்து தலைவலி மாத்திரை வாங்கப் போனப்ப அந்தப் பொண்ணு சொல்லி அழுதுச்சு."

"ஏன், உடம்புக்கு ஏதாவது..."

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. இதப் படிங்க."

கட்டத்துக்குக் கீழே, எறும்பு வரிசை மாதிரி பொடி எழுத்தில் இருந்தது. சென்ற வாரப் புதிரில் மேலிருந்து கீழ்க் குறிப்புகளாக, இந்த வாரப் புதிருக்கு உரியவை தவறுதலாக அச்சாகிவிட்டன, வருந்துகிறோம். அதற்கும் கீழே முள்ளெலியே ஒரு வரி சேர்த்திருந்தார்: "சென்ற வாரப் புதிரைக் கடவுளாலும் முடித்திருக்க முடியாது. முடித்துவிட்டதாக எவராவது சொன்னால் முகவரி அனுப்பவும். என் வேலையை அவருக்கே கொடுத்துவிடுகிறேன்."

தராசின் காது மடல் சுட்டது. பிறகு கழுத்து. ஊரே அந்த ஒரு வரியைப் படித்துச் சிரித்துக்கொண்டிருப்பது போலவும், பேக்கரிக் கல்லாவில் இருந்தவன்கூடத் தன் காதையே பார்ப்பது போலவும் இருந்தது. அவன் உண்மையில் ஈயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் வந்து... குறுக்க இருந்தத மட்டும்தான்..."

"நான் எதுவும் கேக்கலண்ணா," என்றாள் ஸ்டெனோ. "நாள் பூரா அடுத்தவங்க சொல்றத எழுதறதுதான் என் வேலை. லீவு நாள்ல வேணாம். ஆனா இந்தப் பேப்பர் அவர் கைக்குப் போகணும்."

"நீயே கொண்டுபோய் குடுத்துடும்மா. உன் வீடு அந்தப் பக்கம்தானே?"

"குடுக்கலாம். 'அப்ப குரு மட்டும் எப்படி முடிச்சார்'னு கேப்பார். நான் என்ன சொல்லட்டும்? நீங்களே சொல்லுங்க, எழுதிக்கறேன்."

தராசு எழுந்தார். தாளை மடித்தார். பழக்கதோஷத்தில் சட்டைப் பைக்குள் வைக்கப் போனவர், கையிலேயே வைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

ஆனாலும் மனிதன் கடைசிவரை குறுக்கு வழியைத்தான் தேடுவான். தெருமுக்கில் பேப்பர் போடுகிறவன் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தான். "தம்பி, இத அந்த மருந்துக்கடையில போட்டுடறியா?"

"நிறுத்தின கடையில போட்டா மூஞ்சியிலயே வீசுவாங்க சார். போன மாசம் ஒருத்தர் வீசினார், மூக்குல பட்டுச்சு. நீங்களே குடுங்க, உங்க மூஞ்சிக்கு வீச மாட்டாங்க."

நமக்கு அவ்வளவு நிச்சயமில்லை. தராசுக்கும் இல்லை.

மருந்துக்கடையில் மகள் கவுண்டரில் நின்றாள். ஒரு சீட்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, ஒவ்வோர் எழுத்தாக உதட்டசைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். பின்னால் இழுப்பறைகளின் ஓரத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில், மருந்துக்கடைக்காரர். கடை அவருடையது, உட்கார்ந்திருந்த விதம் மட்டும் ஊசி போட்டுக்கொள்ள வந்தவருடையது.

"வாங்க குருவே." எழுந்திருக்கவில்லை. "இந்த வாரமும் முடிச்சாச்சா?"

தராசு தாளை நீட்டினார். விரலால் இடத்தைக் காட்டினார்.

மருந்துக்கடைக்காரர் கண்ணாடியை ஏற்றிப் படித்தார். இன்னொரு தரம் படித்தார். சட்டென்று எழுந்ததில் நாற்காலி பின்னால் சாய்ந்தது.

"அம்மாடி! இங்க வா, இதப் படி! தப்பு அவங்களோடதாம்! குறிப்பே மாறிப்போச்சாம்! நான் போட்டதெல்லாம் சரிம்மா, எல்லாம் சரி! மண்டை நல்லாத்தான் இருக்கு!"

மகள் படித்தாள். கையிலிருந்த சீட்டை அப்பாவிடம் கொடுத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவர் அந்தச் சீட்டை ஒரே பார்வையில் படித்து, திரும்பிப் பார்க்காமலே இழுப்பறையைத் திறந்து, மாத்திரை அட்டையை எடுத்து வைத்தார். ஒரு நிமிடம் மூன்று பேருக்கும் சந்தோஷம். அந்த நிமிடத்திலேயே தராசு கிளம்பியிருக்கலாம். யாரும் எதையும் கேட்கவில்லை. வாசல் திறந்துதான் இருந்தது.

"குருவே, ஒரு நிமிஷம்." மருந்துக்கடைக்காரர் நெற்றியைச் சுருக்கினார். அடுத்த கணம் நெற்றி விரிந்தது. "நீங்க முடிச்சீங்களே! எப்படின்னு புரிஞ்சுபோச்சு! ரெண்டும் வேற வேற புதிர்னு பாத்தவுடனே கண்டுபிடிச்சுட்டீங்க. கீழ போறத தனியா வேற கட்டத்துல போட்டிருக்கீங்க. அதானே? அந்த முள்ளெலி வேலையையே உங்களுக்குத் தர்றேங்கறான். எழுதிப் போடுங்க! நான் சாட்சி சொல்றேன்!"

தராசுக்குத் தரையில் ஒரு பள்ளம் கிடைத்தால் போதும் என்றிருந்தது. பொய் சொல்லிப் பிடிபடுவதுகூடப் பரவாயில்லை. தான் சொன்ன பொய்யைவிட அழகான ஒரு பொய்யை, அதனால் நொந்தவரே தன் கையால் தைத்து, தோளில் போர்த்திவிடுகிறார். உதறினால்தான் உண்டு. பேசாமல் இருந்தால், காலத்துக்கும் போட்டுக்கொண்டு திரிய வேண்டியதுதான். பேசாமல் இருப்பதில் தனக்கு எவ்வளவு தேர்ச்சி என்பது தராசுக்குத் தெரியும்.

"இல்லண்ணே."

"என்ன இல்ல?"

"நான் முடிக்கல. பாதிகூடப் போடல. போட்டிருந்தாலாவது மோதறது தெரிஞ்சிருக்கும். பென்சில காதுல வச்சேன், அவ்வளவுதான்."

மகள் அப்பாவைப் பார்த்தாள். மருந்துக்கடைக்காரர் தாளைக் கவுண்டர்மேல் வைத்து நீவினார்.

"போன வாரம் மட்டுமா?"

"இல்லண்ணே. சுண்டெலி போனதுலேருந்து."

உள்ளே மருந்து வைக்கும் குளிர்பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. கவுண்டரில் இருந்த சின்னத் தராசின் ஈய முத்திரை, நம் தராசு தன் கையால் குத்தியது, கம்பியில் லேசாக ஆடியது.

"டாக்டர் படத்தப் பாத்து நல்லாருக்குன்னார், நான் நம்பல," என்றார் மருந்துக்கடைக்காரர். சத்தமே போடாமல். "பொண்ணு சொல்லுச்சு, நம்பல. உங்க காதப் பாத்து நம்பினேன்."

தராசு காதைத் தடவி, அங்கே இருந்த பென்சிலைக் கையில் எடுத்தார். பேக்கரியிலிருந்து கிளம்பும்போது அது எப்படிக் காதில் ஏறியது என்பதே அவருக்கு நினைவில்லை.

"அந்தப் பென்சிலக் குடுங்க."

கொடுத்தார். மருந்துக்கடைக்காரர் தாளை விரித்து, கவுண்டரிலேயே குனிந்து இந்த வாரக் கட்டத்தைப் போட ஆரம்பித்தார். முதல் சொல் விழுந்தது. இரண்டாவது விழுந்தது. தராசு நிற்பதை அவர் மறந்துவிட்டாரா, மறக்காமலேயே அப்படி இருந்தாரா என்று சொல்ல முடியாது. கடையை வாங்க வருகிறவர்களுக்கு மகள் போன் செய்து, "அப்பா விக்கலையாம், மன்னிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு, தராசின் பக்கம் திரும்பினாள்.

"அங்கிள், வேற ஏதாவது வேணுமா?"

வாடிக்கையாளரிடம் கேட்கிற குரல்.

"இல்லம்மா," என்றார் தராசு. படி இறங்கும்போது, இத்தனை நாளில் அந்தக் கடையில் ஒரு நாற்காலியும் காட்டாமல் தன்னை அனுப்பியது இதுதான் முதல் தடவை என்பது உறைத்தது. உறைக்கட்டும் என்றுதான் நடந்தார்.

வீட்டில் அன்றைக்கு அவர் குளியலறைப் பக்கம் போகவில்லை. "வயிறு சரியாயிடுச்சா?" என்றாள் மனைவி. "இல்ல," என்றார். அவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் விட்டாள். அவள் பேசாமல் இருப்பது அபூர்வம். அதுவே அவருக்குத் தண்டனை மாதிரி இருந்தது.

அடுத்த ஞாயிறு போவதா வேண்டாமா என்று செருப்பை மாட்டி மாட்டிக் கழற்றினார். போனார். மூன்று டீ வந்தது. மருந்துக்கடைக்காரர் "வாங்க" என்றார். "குருவே" வரவில்லை. இனி வரப்போவதும் இல்லை.

ஸ்டெனோ பென்சிலைக் காதில் வைத்தாள். வெகுநேரம் கழித்து மருந்துக்கடைக்காரர் வைத்தார். தராசின் பென்சில் கையிலேயே இருந்தது. டீயில் ஆடை படிந்து சுருங்கியது. கல்லாக்காரன் ஒரு தரம் வந்து மேசையைத் துடைத்து, "இன்னும் ஏதாவது?" என்று கேட்டுவிட்டுப் போனான். தராசு அதே குறிப்பை விழுங்கிவிடுகிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். கை காதுவரை போய்விட்டு, மடலைச் சொறிந்துவிட்டுத் திரும்பி வந்தது.

கடைசியில் தொண்டையைச் செருமினார்.

"ஒரு எழுத்து... ஒரே ஒரு எழுத்து மட்டும் யாராவது சொல்ல முடியுமா?"

ஸ்டெனோ மருந்துக்கடைக்காரரைப் பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார்.

"முதல்ல நீங்க போட்டிருக்கறதக் காட்டுங்க," என்றார்.

தராசு தாளைத் திருப்பி, மேசையின் நடுவுக்குத் தள்ளினார். பெரும்பாலும் வெள்ளை. இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். அவர் எங்கும் திரும்பாமல், காது சிவக்கச் சிவக்க, அவர்கள் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.